அலமாரிக்குள் போன அறிக்கை

கேள்வி: கோவையில் போர்வெல் பம்பு செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. அப்பா தொடங்கியது. இப்போது 45 பேர் வேலை செய்கிறார்கள். போட்டி கடுமையாகிவிட்டதால், கரண்ட் குறைவாக இழுக்கும் புது மாடல் ஒன்றைக் கொண்டுவர நினைத்து, இரண்டு வருடம் முன்பு ஒரு பொறியியல் கல்லூரியுடன் ஒப்பந்தம் போட்டோம். நாலரை லட்சம் செலவானது. இம்பெல்லருக்குப் புது வடிவமைப்பும் 80 பக்க அறிக்கையும் கொடுத்தார்கள். எங்கள் ஃபோர்மேன் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் நம்ம பட்டறையில ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டார். அறிக்கை அலமாரியில் கிடக்கிறது. இனி சொந்தமாக ஆராய்ச்சிப் பிரிவு வைப்பதா? அல்லது இன்னும் நல்ல நிபுணராகப் பார்த்து வெளியிலிருந்தே வாங்குவதா?

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் அந்த அலமாரியைத் திறந்து அறிக்கையை மேசைமேல் எடுத்து வையுங்கள். பிறகு ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த வேலை நடந்த மாதங்களில் உங்கள் பட்டறையிலிருந்து கல்லூரிக்குப் போய்வந்தவர் யார்? பேராசிரியர் எத்தனை நாள் உங்கள் ஃபவுண்டரியில் நின்றார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பணம் போனது, அறிக்கை வந்தது என்று மட்டும் இருக்கிறது. ஆள் யாரும் போகவில்லை, வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நான் பார்த்த இத்தகைய அறிக்கைகளில் பெரும்பாலானவை தூங்கிப்போனதற்கு அதுதான் காரணம்.

பேராசிரியரையும் குறை சொல்ல மாட்டேன், ஃபோர்மேனையும் குறை சொல்ல மாட்டேன். ஃபோர்மேன் "ஆகாது" என்றபோது ஏன் என்று கேட்டீர்களா? கம்ப்யூட்டர் வரைந்த இறகு உங்கள் அச்சில் வார்க்க முடியாத அளவு மெல்லியதாக இருந்திருக்கலாம். கணக்குப் போடும்போது இறகின் பரப்பை வழவழப்பாக வைத்துக்கொள்வார்கள். மணல் அச்சிலிருந்து வரும் காஸ்டிங் அப்படி வராது. அந்தச் சொரசொரப்பிலேயே நீங்கள் எதிர்பார்த்த சேமிப்பில் பெரும்பங்கு கரைந்துபோகும். இம்பெல்லருக்கும் வேர் ரிங்குக்கும் நடுவில் படத்தில் போட்டிருக்கும் இடைவெளி ஒன்று, உங்கள் லேத்தில் நாள் முழுக்க ஓட்டினால் வருகிற இடைவெளி ஒன்று. இடைவெளி கூடினால் ஏற்றிய தண்ணீரே பின்வழியாக ஒழுகும். இதெல்லாம் ஃபோர்மேனின் விரல் நுனியில் இருக்கிறது, ஆனால் அவர் அதை எழுத மாட்டார். பேராசிரியர் எழுதுவார், ஆனால் உங்கள் மணலை அவர் கையால் தொட்டதில்லை. இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்காரவே இல்லை. அறிக்கைக்குள் பாதி அறிவு இருக்கிறது, மீதிப் பாதி பட்டறையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க ஆள் இல்லை.

1990-ல் வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நிறுவனம் வெளியில் இருக்கும் அறிவை அடையாளம் கண்டு, உள்வாங்கி, காசாக்கும் திறனுக்கு 'உறிஞ்சும் திறன்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: அந்தத் திறன், அந்தத் துறையில் நிறுவனத்துக்குள் ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. சொந்தமாக ஆராய்ச்சி செய்வதால் புதுப் பொருள் கிடைக்கிறது. கூடவே, ஊரில் மற்றவர்கள் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ளும் காதும் கிடைக்கிறது. அந்த இரண்டாவது லாபத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. உறை மோர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பால் காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறியிருந்தால்தான் தோயும். நீங்கள் கேட்ட 'உள்ளேயா வெளியேயா' என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. உள்ளே கொஞ்சம் செய்தால்தான் வெளியிலிருந்து வாங்குவது உருப்படும்.

ஒரு கதை சொல்கிறேன். நிர்வாகவியல் வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படுவதுதான். ஆனால் அதை உங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்தான் நன்றாகப் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். 1985 வாக்கில் ஜப்பானின் ஒசாகாவில் மட்சுஷிடா எலெக்ட்ரிக் நிறுவனம் (இன்றைய பானசோனிக்) வீட்டிலேயே ரொட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. மாவைப் பிசைவது மட்டும் சரியாக வரவில்லை. மேலோடு கருகியது, உள்ளே வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் தேர்ந்த ரொட்டிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூட ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. குழுவில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த இகுகோ தனாகா என்ற பெண் ஒரு யோசனை சொன்னார். ஊரிலேயே நல்ல ரொட்டிக்குப் பெயர் போனது ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டல். அங்கே தலைமை ரொட்டிக்காரரிடம் போய்க் கற்றுக்கொள்ளலாமே என்றார். தானே போய் நின்று மாவு பிசையவும் செய்தார்.

ரொட்டிக்காரர் வெறுமனே பிசையவில்லை, ஒரு மாதிரி முறுக்கி இழுத்தார் என்பதை தனாகா கவனித்தார். ரொட்டிக்காரரைக் கேட்டால் இப்படி விவரித்திருக்க மாட்டார். அவருக்கு அது கைப்பழக்கம். தனாகாவுக்கு அது கையிலும் பதிந்தது, திரும்பி வந்து பொறியாளர்களிடம் அவர்கள் மொழியில் சொல்லவும் தெரிந்தது. பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் அவரும் பொறியாளர்களும் சேர்ந்து செய்து செய்து பார்த்து, பாத்திரத்தின் உட்சுவரில் மாவைப் பிடித்து இழுக்கும் வரம்புகளை வைத்தார்கள். 1987-ல் கடைக்கு வந்த அந்த இயந்திரம் முதல் வருடத்திலேயே விற்பனையில் சாதனை படைத்தது. ஜப்பானிய அறிஞர் இகுஜிரோ நோனாகா இந்தக் கதையை உலகம் முழுக்க எடுத்துச் சென்றார்.

மட்சுஷிடா அந்த ரொட்டிக்காரரைச் சம்பளம் கொடுத்து அழைத்து வந்து அறிக்கை எழுதச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 80 பக்கம் வந்திருக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஒரு தனாகா. அவரைத் தேடி வெளியே போக வேண்டாம். அநேகமாக உங்கள் பட்டறையிலேயே இருக்கிறார். எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1960-களிலும் 70-களிலும் ஆராய்ச்சிக் கூடங்களில் பொறியாளர்கள் யாரிடம் போய் எதைக் கேட்கிறார்கள் என்று வருடக்கணக்கில் கவனித்தார். ஒவ்வொரு கூடத்திலும் ஓரிருவர் மட்டும் வெளியே நிறையப் படித்தார்கள், வெளி ஆட்களோடு பழகினார்கள். உள்ளே இருந்த மற்றவர்கள் ஐயம் வந்தால் அந்த ஓரிருவரிடமே போய் நின்றார்கள். பதவிப் பட்டியலைப் பார்த்து இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் இடத்தில் அது யார்? மிஷின் நின்றால் கையேட்டைப் பிரித்துப் பார்க்கிறவர், யூடியூப்பில் யாரோ மோட்டாரைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் சொல்கிறவர், டிப்ளமோ முடித்துவிட்டு டெஸ்ட் பெட்டில் நிற்கும் பையனோ பெண்ணோ. ஒரு நிபந்தனை முக்கியம்: ஃபோர்மேனுக்கு அவரைப் பிடிக்க வேண்டும். ஃபோர்மேன் மதிக்காத பட்டதாரியை வைத்தால் இரண்டாவது அறிக்கையும் அலமாரிக்குத்தான் போகும்.

அவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் கொடுங்கள். 'வேலை இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்' என்றால் அது நடக்கவே நடக்காது. ஆர்டர் அவசரம் வரும் முதல் வாரத்திலேயே அந்த நாள் காணாமல் போகும், அப்போது நீங்கள்தான் நடுவில் நின்று காக்க வேண்டும். பெரிய நிறுவனம் ஆராய்ச்சிக்குத் தனிக் கட்டடம் கட்டுகிறது. 45 பேர் உள்ள இடத்தில் அந்த ஒரு நாள்தான் உங்கள் ஆராய்ச்சிப் பிரிவு. அந்த நாளில் அவர் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம், பேரிங் விற்பவரின் தொழிற்சாலையில் இருக்கலாம், திரும்பி வந்த மோட்டாரைப் பிரித்துக்கொண்டு இருக்கலாம். மாதம் ஒரு முறை ஃபோர்மேனையும் வைத்துக்கொண்டு அவர் கண்டதைச் சொல்லச் சொல்லுங்கள். கரும்பலகை போதும்.

அடுத்தது, நீங்கள் கல்லூரியிடம் கேட்ட கேள்வி. இதைத்தான் உங்களோடு நிறையப் பேச விரும்புகிறேன்.

'கரண்ட் குறைவாக இழுக்கும் பம்பு வேண்டும்' என்று கேட்டீர்கள். யாருக்கு? தமிழ்நாட்டில் 1990-லிருந்து விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். உங்கள் பம்பை வாங்கும் விவசாயிக்கு கரண்ட் பில்லே கிடையாது. அவருக்கு மும்முனை மின்சாரம் வரும் மணி நேரம் கணக்கு. அந்த நேரத்துக்குள் தோட்டம் பாய வேண்டும், வோல்டேஜ் இறங்கினாலும் மோட்டார் எரியக் கூடாது, போரில் தண்ணீர் கீழே போனாலும் ஏற்ற வேண்டும். திறன் கூடினால் அதே ஹெச்.பி.யில் அவருக்குக் கூடுதல் தண்ணீர் வரும். அதைச் சொல்லி விற்றால் வாங்குவார், யூனிட் சேமிப்பைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அபார்ட்மென்ட் சங்கத்துக்கு விற்பதென்றால் கதை வேறு, அங்கே மாதாமாதம் பில் கட்டுகிறார்கள். சூரிய மின்சக்தி பம்பு என்றால் இன்னும் வேறு: ஒவ்வொரு வாட் மிச்சத்துக்கும் பேனல் செலவு குறையும். 2019-ல் மத்திய அரசு பி.எம்.-குசும் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு அந்தச் சந்தை நாடு முழுக்கப் பெருத்திருக்கிறது. மூன்று பேருக்கும் மூன்று விதமான இம்பெல்லர், மூன்று விதமான மோட்டார். எதைச் செய்வது என்று பேராசிரியரால் சொல்ல முடியாது. அது உங்கள் வாடிக்கையாளர் பற்றிய அறிவு. அதைச் சொல்லாமல் விட்டதால் அவர் தனக்குத் தெரிந்த பொதுக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்கு அமெரிக்காவின் பிராக்டர் அண்டு கேம்பிள் நல்ல பாடம். 2000-ல் ஏ.ஜி. லாஃப்லி தலைவராக வந்ததும், நிறுவனத்தின் புதுமைகளில் பாதி வெளியிலிருந்து வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். அவர்களிடம் சுமார் 7,500 ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். ஆனாலும் அவர்களின் கணக்குப்படி, அதே தகுதியுள்ளவர்கள் வெளியே 15 லட்சம் பேர் இருந்தார்கள். அப்போது அவர்களிடம் இருந்த பிரிங்கிள்ஸ் உருளைக்கிழங்கு வறுவலின் ஒவ்வொரு துண்டிலும் படமும் எழுத்தும் அச்சடித்தால் என்ன என்று 2002-ல் ஒரு யோசனை வந்தது. துண்டு ஈரமும் சூடுமாக இருக்கும் நொடியில், வரிசை ஓடும் வேகத்திலேயே அச்சடிக்க வேண்டும். உண்ணக்கூடிய மை வேண்டும். பழைய வழக்கப்படி தாங்களே இயந்திரம் செய்ய முயன்றிருந்தால் இரண்டு வருடம் போயிருக்கும். அதற்குப் பதிலாகத் தேவையைத் துல்லியமாக எழுதி உலகம் முழுவதும் தங்கள் தொடர்புகளுக்கு அனுப்பினார்கள். இத்தாலியின் போலோன்யா நகரில் ஒரு சிறு பேக்கரி அகப்பட்டது. நடத்தியவர் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர். கேக்கிலும் பிஸ்கட்டிலும் உண்ணக்கூடிய படங்களை இங்க்ஜெட் முறையில் அச்சடிக்கும் வழியை அவர் கண்டுபிடித்திருந்தார். ஒரு வருடத்துக்குள் பொருள் தயார். 2004-ல் விற்பனைக்கு வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தத் தேவைக் குறிப்புதான். 'அச்சு இயந்திரம் வேண்டும்' என்று கேட்டிருந்தால் அச்சு இயந்திரக் கம்பெனிகள் மட்டும்தான் பதில் எழுதியிருக்கும். என்ன நடக்க வேண்டும், எந்த வேகத்தில், எந்த ஈரத்தில் என்று எழுதினார்கள். அப்படி எழுதத் தங்கள் வறுவல் வரிசையைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருக்க வேண்டும். பேக்கரிக்காரருக்கு மை தெரியும், வறுவல் தெரியாது. அவர்களுக்கு வறுவல் தெரியும், மை தெரியாது.

உங்கள் தேவையையும் ஒரு பக்கத்தில் இப்படி எழுதிப் பாருங்கள். எத்தனை அங்குலப் போர், எத்தனை அடி ஆழம், தண்ணீர் எங்கே நிற்கும், வோல்டேஜ் எதுவரை இறங்கும், மணல் எவ்வளவு வரும். இறகை எதுவரை மெல்லியதாக வார்க்க முடியும், லேத்தில் தினமும் தவறாமல் வரும் இடைவெளி என்ன. இப்போது டெஸ்ட் பெட்டில் கிடைக்கும் தண்ணீர் எவ்வளவு, எவ்வளவு கிடைத்தால் போதும், பம்பு ஒன்றுக்கு எத்தனை ரூபாய்க்கு மேல் செலவு ஏறக் கூடாது. 'எப்படிச் செய்வது' என்று ஒரு சொல்லும் எழுத வேண்டாம். இதை உங்கள் அந்த ஆளும் ஃபோர்மேனும் சேர்ந்து எழுதட்டும். எழுத உட்காரும்போதுதான் எவ்வளவு விஷயம் யாரும் அளக்காமலே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தெரியும். அளப்பதற்கே ஒரு மாதம் ஆகலாம், ஆகட்டும். அந்த மாதம் நாலரை லட்சத்தைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

வெளி அறிவு என்றதும் எல்லோரும் கல்லூரியையும் வெளிநாட்டுக் கம்பெனியையும்தான் நினைக்கிறார்கள். உங்கள் தொழிலில் ஆகப் பெரிய வெளி அறிவு மோட்டார் வைண்டிங் கடைகளில் இருக்கிறது.

நான் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தபோது நடந்தது இது. எரிந்து திரும்பி வரும் மோட்டாருக்கெல்லாம் பதிவேட்டில் 'லோ வோல்டேஜ்' என்று எழுதிவிடுவோம். விவசாயி மீது பழி, மின்வாரியம் மீது பழி, கணக்கு முடிந்தது. ஒருநாள் சிறு ஊர் ஒன்றிலிருந்து ஒரு வைண்டிங் கடைக்காரர் பஸ் பிடித்து வந்து, சாக்கில் கட்டிக்கொண்டு வந்த எரிந்த காயில்களை மேசையில் கொட்டினார். "சார், வோல்டேஜ்ல எரிஞ்சா சுத்தியும் கருகும். இதுங்க எல்லாம் ஒரே இடத்துலதான் போயிருக்கு, பாருங்க" என்றார். ஸ்டேட்டர் ஸ்லாட்டின் வாய்ப்பகுதியில் மட்டும் உறை கிழிந்து எரிந்திருந்தது. நான் அவரை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன், நன்றி சொல்லி அனுப்பினேன், காயில்களை ஓரமாக வைத்துவிட்டேன். அவர் படித்தவர் இல்லை என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. எட்டு மாதம் கழித்து, திரும்பி வரும் மோட்டார்களின் எண்ணிக்கை தாங்க முடியாமல் போனபோதுதான் போய்ப் பார்த்தோம். லேமினேஷன் வெட்டும் டை தேய்ந்து, ஸ்லாட் வாயில் பிசிறு நின்றது. கம்பி இறக்கும்போதெல்லாம் அந்தப் பிசிறு உறையைச் சுரண்டியிருக்கிறது. அந்த எட்டு மாதத்தில் எத்தனை தோட்டத்தில் மோட்டாரை மேலே தூக்கியிருப்பார்கள், எத்தனை பயிர் வாடியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறிவு தானே பஸ் ஏறி வாசலுக்கு வந்தது. வாங்கி வைக்க உள்ளே ஆள் இல்லை. அந்த இடத்தில் இருக்க வேண்டியவன் நான்.

அதனால் உங்கள் ஆளை முதலில் அனுப்ப வேண்டிய இடம் கல்லூரி இல்லை. உங்கள் பம்பு அதிகம் விற்கும் நான்கைந்து ஊர்களின் வைண்டிங் கடைகளுக்கு அனுப்புங்கள். அவர்கள் எல்லாக் கம்பெனி மோட்டாரையும் பிரித்தவர்கள். யாருடைய த்ரஸ்ட் பேரிங் எத்தனை வருடம் தாங்குகிறது, எந்த இடத்து கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும். போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுங்கள். அவர்கள் சொன்னதை வைத்து எதையாவது மாற்றினால், போய் அதைக் காட்டுங்கள். அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள்.

சரக்குக் கொடுப்பவர்களும் அப்படித்தான். கம்பி விற்கிறவர், பிளாஸ்டிக் இம்பெல்லர் மோல்டு செய்கிறவர், பேரிங் விற்கிறவர் எல்லோரும் பத்துப் பம்புக் கம்பெனிகளுக்குள் போய் வருகிறவர்கள். போட்டியாளரின் ரகசியத்தை அவர்களிடம் கிளறாதீர்கள். கிளறினால் உங்களுடையதும் நாளை வேறு வாசலில் கிளறப்படும். 'உங்கள் பொருளை நாங்கள் எங்கே தப்பாகப் பயன்படுத்துகிறோம்?' என்று மட்டும் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு ஒளிவில்லாமல் பதில் வரும்.

போட்டியாளர்கள் கூடிச் செய்யக்கூடியதும் உண்டு. அதற்கு முன்னோடி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஜவுளி ஆலைகளுக்காக 1956-ல் கோவையில் உருவான சிட்ரா என்ற ஆராய்ச்சிச் சங்கம், பல ஆலைகளின் உற்பத்தியையும் செலவையும் வாங்கி ஒப்பிட்டு, ஒவ்வோர் ஆலைக்கும் தான் எங்கே நிற்கிறது என்று காட்டிவந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் முந்தத் துடித்த ஆலைகள்தான் எண்களைக் கொடுத்தன. பம்புத் தொழிலுக்கும் கோவையில் சிடார்க் போன்ற சோதனைக் கூடம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் சான்றிதழுக்கு மட்டும் அங்கே போகிறார்கள். உங்கள் ஆளை அனுப்பி, சோதனை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

ஃபோர்மேனைப் பற்றி. அவரை 'மாற்றத்துக்கு எதிரி' என்று மனதில் குறித்துவிட்டீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தோன்றுகிறது. தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். உங்கள் அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு கோளாறையும் தோளில் சுமந்தவர் அவர். புது இம்பெல்லர் ஊற்றி ரிஜெக்‌ஷன் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கப்போவதும் அவர்தான். அவர் "ஆகாது" என்றால் அதற்குள் அநேகமாக மூன்று நான்கு காரணம் இருக்கும். "அண்ணா, எந்த இடத்துல ஆகாதுங்க?" என்று அறிக்கையின் படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் விரல் வைக்கும் இடங்களில் எல்லாம் பென்சிலால் குறியுங்கள். அந்தக் குறிகள்தான் பேராசிரியரிடம் கொண்டுபோக வேண்டிய கேள்விகள். ஒரு சின்னச் சோதனையை அவர் பெயரிலேயே தொடங்கலாம்: பத்து இம்பெல்லர், ஒரே பேட்டர்ன், தேய்த்து வழவழப்பாக்கியது ஐந்து, ஆக்காதது ஐந்து, டெஸ்ட் பெட்டில் ஓட்டிப் பார்க்கலாம். எண்ணைப் பார்த்தால் யாரும் யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

காகிதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பலர் இதில் ஏமாறுகிறார்கள். கல்லூரியோடு சேர்ந்து ஏதாவது புதிதாக வந்தால் காப்புரிமை யாருக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். 'இருவருக்கும் பொது' என்று நட்பாக எழுதிவிட்டு மறந்துவிடுவது வழக்கம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் கண்டுபிடிப்பைத் தனக்காகப் பயன்படுத்தலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் ஆளுக்கு உரிமம் கொடுக்கவோ தன் பங்கை எழுதிக்கொடுக்கவோ மற்றவரின் சம்மதம் வேண்டும். நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி உங்கள் வடிவமைப்பைக் கேட்டு வந்தால், கல்லூரியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். பம்புத் துறையில் உரிமை உங்களுக்கு, மற்ற துறைகளில் கல்லூரிக்கு என்று பிரித்துக்கொள்வது பெரும்பாலும் இரு தரப்புக்கும் ஒத்துவரும்.

இன்னொன்று, பேராசிரியருக்கு ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும். அது அவர் தொழில், தடுக்காதீர்கள். ஆனால் கட்டுரை வெளியாகிவிட்டால் 'புதிது' என்று கேட்கும் உரிமை பெரும்பாலும் போய்விடும். அதனால் முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடுங்கள், முழு விவரத்தைத் தாக்கல் செய்ய அதற்குப் பிறகு 12 மாதம் கிடைக்கும். அவர் கட்டுரையைப் பிறகு அனுப்பலாம். ஒப்பந்தம் எழுதும்போது ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிறகு வரும் சண்டையைவிட அந்தச் செலவு மலிவு.

ஒப்பந்தத்தில் நான் கண்டிப்பாகச் சேர்க்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது: பேராசிரியரோ அவருடைய மாணவரோ மாதம் இரண்டு நாள் உங்கள் பட்டறையில் இருக்க வேண்டும், உங்கள் ஆள் மாதம் நான்கு நாள் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும். பணத்தை அறிக்கைக்குக் கொடுக்காமல், உங்கள் ஃபவுண்டரியில் வார்த்து உங்கள் டெஸ்ட் பெட்டில் ஓடிய பம்புக்குக் கொடுங்கள். மாணவர் வந்து உட்கார இடத்தை மாடி அலுவலகத்தில் போடாதீர்கள். இரண்டு பேரின் இருக்கைக்கு நடுவில் தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது மளமளவென்று குறைகிறது என்பதும் தாமஸ் ஆலன் கண்டதுதான். ஃபோர்மேன் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போடுங்கள்.

எவ்வளவு நாள் வெளி ஆட்களையே நம்பி இருப்பது என்ற பயம் உங்களுக்குள் இருக்கும். நியாயமான பயம். ஓசூரில் டிவிஎஸ் நிறுவனம் 1980-களில் இருந்து ஜப்பானின் சுசுகியோடு சேர்ந்து பைக் செய்தது. 2001-ல் அந்தக் கூட்டு முடிந்தது. அதே வருடம் தங்கள் பொறியாளர்களே வடிவமைத்த விக்டர் பைக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள், 2002-ல் தரத்துக்கான டெமிங் பரிசும் வாங்கினார்கள். கூட்டு முடிந்த பிறகு அவசரமாகக் கற்றுக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது. கூட்டு நடந்துகொண்டிருக்கும்போதே தங்கள் ஆட்களை வளர்த்திருக்கிறார்கள். நீங்களும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் உங்கள் ஆளிடம் இதைக் கேளுங்கள்: போன வருடம் வெளி ஆளைக் கூப்பிட்டுச் செய்ததில் எதை இந்த வருடம் நாமே செய்தோம்? பதில் இரண்டு வருடம் தொடர்ந்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால், நீங்கள் அறிவை வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள்.

கடைசியாக, அந்த அறிக்கை. அதைக் குப்பை என்று நினைக்க வேண்டாம். நீரோட்டக் கணக்கு நன்றாகவே இருக்கக்கூடும். ஃபோர்மேன் பென்சிலால் குறித்த படத்தையும், உங்கள் மணல் அச்சில் வார்த்த இம்பெல்லர் இரண்டையும், கடந்த ஆறு மாத ரிஜெக்‌ஷன் பதிவேட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அதே பேராசிரியரைப் போய்ப் பாருங்கள். ஃபோர்மேனையும் அழைத்துப் போங்கள், காரில் முன் சீட்டில் அவர் உட்காரட்டும். பேராசிரியர் அந்தக் காஸ்டிங்கைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்க்கும்போது நீங்கள் பேசாமல் இருங்கள், அவர்கள் இருவரும் பேசட்டும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.